உன் பெயரில் விட்ட ஒரு மில்லிமீட்டர்

அந்துவானுக்கு,

முடியாது. பதிலை முதல் வார்த்தையிலேயே எழுதிவிட்டேன். கடைசிப் பக்கம் வரை புரட்டி, அம்மா எங்காவது இறங்கி வந்திருக்கிறாளா என்று நீ தேட வேண்டாம். உன் வருங்கால மாமனார் தவளக்குப்பத்தில் கட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் விடுதிக்கு வந்த கம்பி தேறவில்லை. தேறவில்லை என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மாற்றி எழுத மாட்டேன். அவர் கேட்டாலும் மாட்டேன், நீ கேட்டாலும் மாட்டேன். கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஆமாம், கோபம்தான். ஆனால் அதில் பாதிக்கு மேல் என் மேலேயே எனக்கு இருக்கிற கோபம். அது ஏன் என்று சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, உலைகூட வைக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் இரண்டாவது ஓலையை வாசித்தார்கள். நீ சென்னையில் இருந்ததால் கேட்டிருக்க மாட்டாய். உன் பெயர், ஜோஸ்லின் பெயர், இரண்டு வீட்டுப் பெற்றோர் பெயர் எல்லாம் படித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் வந்து சொல்ல வேண்டும் என்று வழக்கம்போல் முடித்தார்கள். நாலு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த உன் மாமனார் சவரிநாதன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. அவரேதான் திரும்பிக்கொண்டார். அடுத்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்குள் நான் வழிக்கு வர வேண்டும், வராவிட்டால் கல்யாணம் இல்லை என்று அவர் சொல்லி அனுப்பியதை நீ என்னிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாய். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில்கூட நீ இவ்வளவு சுத்தமாக ஒப்பித்ததில்லை.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு அவர் சொன்ன கதை மட்டும்தான் தெரியும். தட்டாஞ்சாவடியில் நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "அம்மா லேப்ல கம்பி ஒடைக்கிறாங்க" என்று சொல்லிச் சிரிப்பாய். அதேதான். கட்டடம் நடக்கிற இடத்தில் வந்து இறங்கும் கம்பியில் சைட் என்ஜினியர் முதல் நாளே பெயிண்டால் அடையாளம் போட்டு, சில துண்டுகளை வெட்டி, சீட்டு கட்டி எங்களுக்கு அனுப்புவார். அந்தத் துண்டில் அறுபது மில்லிமீட்டர் தள்ளி இரண்டு புள்ளி குத்துவேன். மெஷினின் இரண்டு தாடைகளிலும் கவ்வக் கொடுத்து, உடைகிற வரைக்கும் இழுப்பேன். எவ்வளவு பளு தாங்கியது என்பதை மெஷின் சொல்லும். உடைவதற்கு முன்னால் எவ்வளவு நீண்டது என்பதை நான்தான் சொல்ல வேண்டும். உடைந்த இரண்டு துண்டையும் எடுத்து, முறிந்த வாயோடு வாய் பொருந்தும்படி நெருக்கி வைத்து, புள்ளிக்குப் புள்ளி வெர்னியர் அளவுகோலால் அளப்பேன். விடுதிக் கம்பி பளுவை நன்றாகவே தாங்கியது. நீண்டதுதான் போதவில்லை, முக்கால் மில்லிமீட்டர் குறைந்தது. ஒரு துண்டு தவறினால் அதே கட்டிலிருந்து இன்னும் இரண்டு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதையும் செய்தேன். ஒன்று தேறியது, ஒன்று மறுபடி தவறியது. இரண்டும் தேறினால்தான் அந்தக் கம்பியைக் கட்டடத்தில் போடலாம். அதனால் மொத்த லோடையும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினேன்.

சவரிநாதன் அன்று சாயங்காலமே போன் செய்தார். "இன்னாங்க சம்பந்தி, நம்மூட்டுக் கம்பியையே இப்பிடிப் பண்ணிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தார். நான் காரணத்தைச் சொன்னேன். "லோடு தாங்குதுல்ல? கேட்டதுக்கு மேலயே தாங்குதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் அது நீண்டா இன்னா, நீளாட்டி இன்னா? கட்டடத்துக்குள்ள போட்ட கம்பிய எவன் வந்து இழுக்கப் போறான்?" என்றார். "எத்தினி வருஷமா கட்டடம் கட்டுறீங்க?" என்று கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் என்றார். "அப்ப தெரியாம கேக்கல. தெரிஞ்சேதான் கேக்குறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். சம்பந்தி பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்தது மரியாதை இல்லை என்று நீ வருத்தப்பட்டாய். மரியாதை பார்த்துத்தான் வைத்தேன். இன்னும் இரண்டு நிமிஷம் பேசியிருந்தால் அது இருந்திருக்காது.

அவருக்கு நான் சொல்லாமல் விட்டதை உனக்குச் சொல்கிறேன். வலு என்பது ஒன்று, நீளுகிற தன்மை என்பது வேறு. இரண்டும் ஒரே கம்பியில் சேர்ந்து இருக்க வேண்டும், ஒன்று இருந்துவிட்டால் மற்றது தானாக வந்துவிடாது. உன் பெரியம்மா கிறிஸ்துமசுக்குப் போடுகிற முறுக்கும் கெட்டிதான், பல்லையே பதம் பார்க்கும், ஆனால் உடையும்போது சொல்லிக்கொண்டா உடைகிறது? நல்ல கம்பி அளவுக்கு மீறிப் பளு வந்தால் முதலில் இழுபடும். அது இழுபட இழுபட மேலே உள்ள காங்கிரீட்டில் விரிசல் ஓடும், பூச்சு உதிரும், தளம் தொய்யும், கதவு நிலையில் சிக்கிக்கொண்டு திறக்காமல் அடம் பிடிக்கும். ஏதோ சரியில்லை என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும், கத்திக்கொண்டாவது வெளியே ஓடி வந்துவிடுவார்கள். நீளாத கம்பி இதையெல்லாம் காட்டாது. தாங்கும், தாங்கும், தாங்கும், பிறகு பட்டென்று போய்விடும். அதனால் அந்த முக்கால் மில்லிமீட்டரை நான் நேரமாகத்தான் பார்க்கிறேன். மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் நர்சிங் படிக்கிற ஒரு பெண், எழுந்து, செருப்புகூடப் போடாமல் படியிறங்கி வருவதற்கு வேண்டிய நேரம் அது. அதை அவளிடமிருந்து எடுத்து உன் மாமனாருக்குக் கல்யாணச் சீராகக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை.

உங்கள் நிச்சயதார்த்தத்தன்று ஜோஸ்லினின் அத்தை என்னைக் கிண்டல் செய்தது நினைவிருக்கிறதா? "சம்பந்தியம்மா வூட்டுல கம்பிக்கெல்லாம் வெந்நி வெச்சுக் குளிப்பாட்டுவாங்களாம்" என்றாள், பந்தியே சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பியை வளைத்து, அரை மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, ஆறியதும் திருப்பி நிமிர்த்திப் பார்ப்போம். நிமிரும்போது வெடிப்பு விட்டால் ஆகாத கம்பி. இப்போது உன் பெரியம்மாவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி வரை எல்லோரும் போன் போட்டு, "கொஞ்சம் வளைஞ்சு குடுத்துப் போயேன்" என்கிறார்கள். உன் அப்பா இறந்த வருஷம் உன் காலேஜ் பீசுக்காக யார் யார் முன்னால் நின்றேன் என்று எனக்குத் தெரியும். மாமியார் வீட்டில் எத்தனை பேச்சுக்குப் பேசாமல் இருந்தேன் என்றும் தெரியும். வளையாத பொம்பளை என்று என்னை யாரும் சொல்ல முடியாது. ஆனால் எந்த இடத்தில் வெடிப்பு விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், அந்த இடத்துக்கு மறுபடியும் போக மாட்டேன்.

புதன்கிழமைக்கு வருகிறேன். மதியம் லேப் வாசலில் உன் கார் வந்து நின்றதும், பிள்ளை சென்னையிலிருந்து அம்மாவோடு சாப்பிட வந்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். கூடையில் இருந்த வாளைமீன் குழம்பை இரண்டாகப் பிரிக்கக்கூடத் தயாரானேன். நீ டிக்கியைத் திறந்து சாக்கில் சுற்றிய மூன்று கம்பித் துண்டுகளை எடுத்தாய். "அதே லோடுதாம்மா. மாமா இன்னொரு வாட்டி பாக்கச் சொன்னாரு" என்றாய். சாக்கைப் பிரித்தேன். அடையாளத்துக்குப் போட்டிருந்த மஞ்சள் பெயிண்ட் என் விரலில் ஒட்டியது. மூன்று வாரத்துக்கு முன்னால் லோடு வந்தபோது அடித்த பெயிண்ட் விரலில் ஒட்டுமா, ராசா? தவளக்குப்பத்தில் கடல் காற்றில் கிடந்த கம்பி துருவேறிச் செம்பழுப்பாக இருந்தது. நீ கொண்டு வந்தது முந்தாநாள் ஆலையை விட்டு வந்த மாதிரி நீலம் பாரித்திருந்தது. கம்பியின் மேல் ஓடுகிற வரிகூட வேறு மாதிரி. வேறு கம்பெனி, விலை உயர்ந்த கம்பி. "இது அந்தக் கம்பி இல்ல, அந்து" என்றேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்மா" என்றாய். தெரியாது என்று சாதித்திருக்கலாம். சாதிக்கவில்லை. இன்று வரை உன் மேல் எனக்கு நம்பிக்கை மிச்சம் இருக்கிறது என்றால் அந்த ஒரு வார்த்தையால்தான்.

"உக்காரு, ஒடைச்சுத் தரேன்" என்றேன். உன் கண் முன்னாலேயே மூன்றையும் இழுத்தேன். அழகான கம்பி, அதை மறைப்பானேன். உடைவதற்கு முன்னால் ஒவ்வொன்றும் நடுவில் மெலிந்து, கழுத்து மாதிரி சுருங்கி, நன்றாக நீண்டுதான் உடைந்தது. மூன்றும் தேறின. நான் அறிக்கையில், கொண்டு வந்தவர் அந்துவான், எந்தக் கட்டடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பது தெரியாது என்று எழுதி உன்னிடம் நீட்டினேன். நீ அதைக் கையில் வாங்கவே இல்லை. "முக்கா மில்லிமீட்டர்தாம்மா. அதுக்கு என் கல்யாணத்த நிறுத்துவியா?" என்றாய். அதற்குப் பிறகு நீ சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது. "ஒடைஞ்ச ரெண்டு துண்டையும் வெச்சு அளக்கிறப்ப நடுவுல லேசா எடம் வுட்டா போதுமாம். நீட்டம் தானா வந்துடுமாம். எல்லா லேப்லயும் அப்பிடித்தான்னு மாமா சொல்றாரு." என் முகம் மாறியதை நீ பார்த்தாய். நான் கோபப்பட்டதாக நினைத்துக்கொண்டு, "நீ எனக்கு அம்மாவா, அந்த மெஷினுக்கு அம்மாவா?" என்று கேட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். மூன்று கம்பியும், பிரிக்காத குழம்பும் அப்படியே இருந்தன.

அது கோபம் இல்லை, அந்து. மாட்டிக்கொண்ட முகம். அந்த வித்தையை உன் மாமனார் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் செய்திருக்கிறேன். ஒரே ஒரு முறை, உனக்காக.

உனக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. மூலக்குளத்தில் நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கும் அந்தப் பள்ளியில் உன்னைச் சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இடம் இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே சமயத்தில் அந்தப் பள்ளிக்கு மாடி எடுத்துக்கொண்டிருந்தார்கள், கம்பி எங்கள் லேபுக்கு வந்தது. அந்தக் காலத்துக் கம்பிக்கு, அறுபது மில்லிமீட்டர் நீண்டு குறைந்தபட்சம் அறுபத்தெட்டு புள்ளி ஏழு ஆக வேண்டும். துண்டுகளைச் சேர்த்து அளந்தேன், அறுபத்தேழு புள்ளி எட்டுதான் வந்தது. பள்ளித் தாளாளரின் ஆள் ஒருவர் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. "ஒங்க பையன் பேரு இன்னா சொன்னீங்க, அந்துவானா? நல்ல பேரு. எல்.கே.ஜி.ல ஒரு சீட்டு காலியாவுதுன்னு பேசிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார். நான் துண்டுகளை மறுபடி மேஜையில் வைத்தேன். நெருக்கிப் பிடிக்க வேண்டிய கையைக் கொஞ்சம் தளர்த்தினேன். நடுவில் நகம் நுழைகிற அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அறுபத்தெட்டு புள்ளி எட்டு என்று எழுதினேன். அறிக்கையில் எண் மட்டும்தான் போகும், நடுவில் விட்ட இடத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. அடுத்த வாரம் உனக்குச் சீருடை தைக்கக் கொடுத்தேன்.

உடைத்த துண்டுகள் கொஞ்ச நாள் கழித்துப் பழைய இரும்புக்குப் போய்விடும். அந்த இரண்டை மட்டும் போடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. உன் பெரியப்பா பிரான்சிலிருந்து கொண்டு வந்த பிஸ்கட் டின்னில் போட்டு, தையல் மெஷினுக்குக் கீழே வைத்திருந்தேன். உனக்கு ஐந்து வயதில் அதைக் கண்டுபிடித்து, இரண்டு துண்டையும் தரையில் உருட்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தாய். ஓடி வந்து உன்னை அறைந்தேன். வாழ்நாளில் உன் மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். எதற்கு அடி வாங்கினோம் என்று தெரியாமல் நீ அன்று முழுக்கத் தேம்பிக்கொண்டிருந்தாய். உன் அப்பா வந்து, "புள்ள இரும்புல வெளையாண்டா இன்னாடி ஆயிடும்?" என்று கேட்டார். அவர் கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லவில்லை.

இரண்டாம் வகுப்புக்கு உன்னை மாடிக்கு மாற்றினார்கள். அந்த வாரமே டி.சி. வாங்கிவிட்டேன். டவுனுக்குள் வேறு பள்ளியில் சேர்த்தேன், இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருந்தது. ஏன் மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று நீ பத்து வயது வரை கேட்டாய். அங்கே இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித்தருவார்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன் சிநேகிதன் ரியாசைப் பிரிந்து வரமாட்டேன் என்று பள்ளி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாய். உன் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்து வந்தேன். கம்பியில் நான் செய்தது தப்பு. ஆனால் என்னை இத்தனை வருஷம் தின்றது அது இல்லை. என் பிள்ளையை மட்டும் கீழே இறக்கிக்கொண்டு, ரியாசை மாடியிலேயே விட்டுவிட்டு வந்தேன். ரியாசின் அம்மா பெருநாளைக்குப் பெருநாள் நமக்குப் பிரியாணி கொடுத்து அனுப்பினாள், நான் பாத்திரத்தில் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சொல்லவில்லை. இன்று உன் கல்யாண வேலையெல்லாம் தலையில் போட்டுக்கொண்டு அலைகிறானே, அவன் அங்கே ஐந்தாம் வகுப்பு வரை படித்தான்.

கட்டடம் விழவில்லை. இன்று வரை நன்றாகத்தான் நிற்கிறது. அதனால் என்ன, ஒன்றும் ஆகவில்லையே என்று நீ கேட்பாய். ஒவ்வொரு மழைக்காலத்திலும் காய்கறி வாங்குகிற சாக்கில் அந்தத் தெரு வழியாகப் போய், மாடித் தாழ்வாரத்துக்கு அடியில் புதிதாக விரிசல் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிற பொம்பளையிடம் வந்து அதைக் கேள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக டீவியில் சொன்னால் மற்றவர்கள் மெழுகுவத்தி வாங்கப் போவார்கள். நான் பள்ளிக்கு லீவு விட்டார்களா என்று பார்ப்பேன். என் ஆயுளில் பாதியை அந்த ஒரு மில்லிமீட்டரில் கழித்துவிட்டேன். உன் பெயரைச் சொல்லித்தான் அன்று செய்தேன். உன் பெயரைச் சொல்லித்தான் இன்றும் கேட்கிறார்கள். ஒரு தாயிடம் எதைக் காட்டினால் கை தளரும் என்று ஊருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இந்தக் கை இனிமேல் தளராது.

நீ போன பிறகு நான் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டின்னை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, லேப் முதலாளி கமால் பாயின் மேஜையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துண்டுகளை எடுத்துச் சேர்த்து அளந்தார். இரண்டு தரம் அளந்தார். "இதுக்கு நம்ம லேபயே மூடச் சொன்னாலும் சொல்லுவாங்கம்மா" என்றார். தெரியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, "நாளைக்குக் காலைல ரெண்டு பேரும் போவோம். நீங்க தனியா போவாதீங்க" என்றார். வியாழக்கிழமை போனோம். இப்போது இருக்கும் தலைமை ஆசிரியை உன் வயதுக்காரி, அவளுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமே இல்லை. நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைப் படித்தாள், நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள், எழுந்து போய் மாடி வகுப்புகளைக் கீழே இறங்கச் சொன்னாள். கட்டடத்தைப் பரிசோதிக்க வேறொரு ஊரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பூச்சைக் கொத்தி உள்ளே இருக்கும் கம்பியையே வெட்டி எடுத்துப் பார்ப்பார்கள். அதுவரை பிள்ளைகளுக்குப் பாதி நாள் வகுப்புதான்.

நேற்று ஒரு பிள்ளையின் அம்மா நம் வீட்டு வாசலிலேயே வந்து நின்றாள். "இத்தினி வருஷம் கம்முனு இருந்துட்டு இப்ப இன்னாத்துக்கு வந்து சொல்றீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "நீங்க எவ்ளோ திட்டினாலும் தகும்மா. ஆனா புள்ளைய மாடிக்கு மட்டும் அனுப்பாதீங்க" என்றேன். அவள் திட்டிவிட்டுத்தான் போனாள். இன்று கோயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கு என்னவோ பல வருஷத்துக்குப் பிறகு முதுகு நேராக நிற்பது போல இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை போனாலும் போகட்டும். கேஸ் போட்டாலும் போடட்டும், நின்று பதில் சொல்வேன். பாயின் லேபுக்கு என்னால் கெட்ட பெயர் வருகிறதே என்பது ஒன்றுதான் நெஞ்சை அறுக்கிறது.

இனி உன் கல்யாணம். ஓலைக்குத் தடை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஜோஸ்லின் நல்ல பெண். முதல் தடவை நம் வீட்டுக்கு வந்தபோது, நான் கேட்காமலேயே அடுப்படிக்கு வந்து, "தேங்கா துருவட்டா, அத்த?" என்று கேட்டுவிட்டு, துருவத் தெரியாமல் விரலைக் கீறிக்கொண்டு, அதற்கு அவளே சிரித்தாள். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாத பெண் வேண்டும் என்று உனக்காக ஜெபித்திருக்கிறேன், கிடைத்திருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று புதன்கிழமை உன்னிடம் கேட்டேன். "அவளுக்கு எதுக்குமா இதெல்லாம்?" என்றாய். இந்த இடத்தில்தான் நான் உன்னோடு சண்டைக்கு நிற்கிறேன். அவள் அப்பா கட்டுகிற கட்டடம், அவள் கட்டிக்கொள்ளப் போகிறவன் வேறு கம்பியை டிக்கியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தது, அவள் மாமியார் அன்று செய்தது, இன்று மறுத்தது, எதுவுமே தெரியாமல் அவள் பீடத்தின் முன் வந்து நின்று, சம்மதம் என்று சொல்ல வேண்டுமா? நான் ஒரு மனுஷனோடு இருபது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தினேன். அந்த டின்னைப் பற்றி அவரிடம் சொல்லாத ஒவ்வொரு நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது இருந்தது. அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நீ அப்படி வாழக் கூடாது. மூன்றாவது ஓலைக்கு முன்னால் அவளிடம் நீயே சொல். உன்னை முந்திக்கொண்டு நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வந்து கேட்டால் ஒன்றையும் மறைக்க மாட்டேன்.

எல்லாம் தெரிந்த பிறகு அவள் வேண்டாம் என்றால், நீ அழுவாய், நானும் உன்னோடு உட்கார்ந்து அழுவேன். அவள் சரி என்று சொல்லி, அவள் அப்பா மட்டும் முடியாது என்றால், பங்குச்சாமியாரிடம் நானே போய்ப் பேசுகிறேன், நம் வீட்டு மாடியில் பந்தல் போட்டுச் சோறு போடுகிறேன். அவரும் மனசு மாறி அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட்டால், கோயில் வாசலில் எல்லோர் முன்னாலும் சம்பந்திக்கு நான்தான் முதலில் வணக்கம் சொல்வேன். மூன்றில் எது நடந்தாலும் அந்த விடுதி அந்தக் கம்பியில் எழும்பாது. கல்யாணத்துக்கு வராதே என்று நீயே சொன்னாலும் வருவேன். முதல் வரிசையில் உட்காருவேன். பெற்றவளுக்கு யாரும் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. பாய் படிக்கட்டும். உன் மாமனார் படித்தாலும் சரி, அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற யார் வேண்டுமானாலும் படித்தாலும் சரி. ரியாசுக்கு நானே படித்துக் காட்டப் போகிறேன், சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். இதோடு அந்த பிஸ்கட் டின்னையும் அனுப்புகிறேன். கட்டடத்திலிருந்தே கம்பி எடுத்துப் பார்க்கப் போவதால், இந்தத் துண்டுகள் இனி யாருக்கும் தேவையில்லை என்று பாய் திருப்பிக் கொடுத்துவிட்டார். நீ அடி வாங்கிய அதே துண்டுகள்தான். என் பழைய வெர்னியரையும் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, ஜோஸ்லினை ஒரு துண்டைப் பிடிக்கச் சொல், மற்றதை நீ பிடி. வாயோடு வாய் பொருந்தும்படி நன்றாக நெருக்கி, புள்ளிக்குப் புள்ளி அளந்து பாருங்கள். அறுபத்தேழு புள்ளி எட்டு வரும். அதற்கு மேல் வந்தால் உங்கள் இரண்டு பேர் கையும் இன்னும் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம். மறுபடி நெருக்கிப் பிடியுங்கள்.

அம்மா